லஞ்சப் பொறி: கரைசல் சிவந்தால் மட்டும் போதுமா?

[காட்சி: கண்ணாடிக் குவளையில் நிறமற்ற கரைசல். விரல்கள் நனைகின்றன, கரைசல் இளஞ்சிவப்பாகிறது.]

"ரசாயனம் தடவிய நோட்டுகளை வாங்கியபோது கையும் களவுமாகச் சிக்கினார்." அடிக்கடி படிக்கிற செய்திதான். அந்த ரசாயனம் பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடி. நோட்டில் லேசாகத் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. அது பட்ட விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் கையில் பணம் இருந்தது என்பதை வைத்து மட்டும் தண்டிக்க முடியாது. அவர் லஞ்சம் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். வழக்குகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

[காட்சி: முதியோர் உதவித்தொகை விண்ணப்பம்]

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்குக் கையெழுத்துப் போட ஒருவர் 3,000 கேட்டால், இரண்டரை மாதச் சாப்பாட்டுப் பணம் போய்விடுகிறது. இது சின்னத் தொகை என்று விட்டுவிடக் கூடாது.

லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் எழுதும்போது, யார் கேட்டது, என்ன பதவி, எந்தத் தேதி, எந்த இடம், எந்த வேலைக்கு, எவ்வளவு என்று எல்லாம் இருக்கட்டும். கேட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்றிருந்தால் அதையே எழுதுங்கள். நீங்களாக ஒரு தொகையைச் சேர்க்காதீர்கள். விண்ணப்ப நகலையும் இணையுங்கள்.

வழக்குப் பதிவானதும், கேட்டவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பொறி வைப்பார்கள். அதற்காக வேறு துறை அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சியாக அழைப்பார்கள். அவர்கள் முன்னிலையில் நோட்டு எண்களைக் குறித்து, பொடி தடவி, உங்கள் சட்டைப்பையில் வைப்பார்கள். அதன்பின் நோட்டைத் தொடாதீர்கள். பொடி பட்ட கையால் லஞ்சம் கேட்டவரோடு கைகுலுக்கினால் சோதனையே கெட்டுவிடும். ஒரு சாட்சி பேச்சு காதில் விழும் தூரத்தில் உங்களோடு வருவார். "வெளியே நில்லுங்க" என்று அவரை அனுப்பிவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகிறது. லஞ்சம் கேட்டவர் மறுபடி கேட்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.

[காட்சி: முத்திரையிட்ட இரண்டு பாட்டில்கள்]

சைகை காட்டியதும் அதிகாரிகள் வருவார்கள். பணம் வாங்கியவரின் வலது கையை நனைக்க ஒரு குவளைக் கரைசல், இடது கைக்கு ஒரு குவளை. இரண்டையும் தனித்தனி பாட்டிலில் ஊற்றி, முத்திரையிட்டு, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

விசாரணை வருவதற்குள் புகார்தாரர் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்சாட்சியாகிவிட்டால்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதற்கு விடை சொன்னது. அவர் இறந்துபோனாலும் சரி, பிறழ்ந்தாலும் சரி, மற்ற சாட்சிகளாலும் சூழ்நிலைச் சான்றுகளாலும் லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம். உடன் போன அந்தச் சாட்சியின் காது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

வேறு வழியில்லாமல் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர் கொடுத்த 7 நாளுக்குள் காவல்துறையிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவித்திருக்க வேண்டும்.