சுபின் மேத்தாவும் நம் பள்ளிப் பிள்ளைகளும்

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம். நாற்காலிகள் தந்து உதவிய வணிகர் சங்கத்தாருக்கும் நன்றி.

கோலசைத்து மேற்கத்திய இசைக்குழுக்களை வழிநடத்தும் நடத்துநர் சுபின் மேத்தாவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: வகித்த பொறுப்புகள், கற்ற விதம், போர் தின்ற ஊர்களில் நடத்திய கச்சேரிகள்.

அவர் தலைமை வகித்த இசைக்குழுக்களைக் கேளுங்கள்: மாண்ட்ரியல் இசைக்குழு 1967 வரை, லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் 1962 முதல் 1978 வரை, நியூயார்க் பில்ஹார்மோனிக் 1978 முதல் 1991 வரை, ம்யூனிக்கில் பவேரிய அரசு ஓபரா என்னும் இசைநாடக அரங்கு 1998 முதல் 2006 வரை. இஸ்ரேல் பில்ஹார்மோனிக்குக்கு 1969இல் ஆலோசகரானவர், 2019இல்தான் விடைபெற்றார். அரை நூற்றாண்டு!

இது எப்படி வந்தது? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? 1936இல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மேலி மேத்தா வயலின் கலைஞர், பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை உருவாக்கியவர். மகன் மருத்துவப் படிப்பை உதறிவிட்டு, 1954இல் இசை படிக்க வியன்னாவுக்குப் போனார்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். பெரிய மேதைகளின் ஒத்திகையைப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி இல்லை. மேத்தாவும் உடன் படித்த இத்தாலிய இளைஞர் கிளாடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சேர்ந்திசைக் குழுவில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள்! கனத்த குரல்காரர்களின் வரிசையில் நின்று பாடிக்கொண்டே, புரூனோ வால்டர், கராயன் என்ற பெரும் நடத்துநர்களைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். காசு கொடுத்து வந்த ரசிகனுக்கு நடத்துநரின் முதுகுதான் தெரியும். பாடுகிறவனுக்கு முகம் தெரியும். கண் ஜாடை தெரியும். இடக்கை விரல் எப்போது மடங்குகிறது என்பது தெரியும். வாசலில் மறித்தவர்களைத் தாண்டி, மேடையிலேயே ஏறி நின்று படித்தார்கள் ஐயா! அந்த அப்பாடோ பின்னாளில் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் தலைமைக்கு உயர்ந்தார்.

1985இல் நியூயார்க்கில் மேத்தா நடத்த, நம் எல். சுப்பிரமணியம் வயலின் வாசித்தார். அவருக்கும் குரு தந்தைதான். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணா. இங்கும் ஐந்தில் வளைத்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

வீட்டில் அப்படி ஒரு தந்தை இல்லாத பிள்ளை என்ன செய்யும்? செங்கல் சூளைக்குப் போகிறவர் மகளுக்கு யார் சுருதி சொல்லிக் கொடுப்பார்கள்? பள்ளிக்கூடம்தான் சொல்லித்தர வேண்டும். நம் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆர்மோனியம் ஒன்று பூட்டிய அலமாரியில் கிடக்கிறது. போன மாதம் திறந்து பார்த்தேன். துருத்தியைக் கரையான் அரித்திருந்தது. தொட்டுப் பார்க்க வந்த ஏழெட்டுப் பிள்ளைகள் கட்டைகளை அழுத்தினார்கள், காற்றுகூட வரவில்லை. ஐந்தில் வளையத் தயாராக நிற்கிறார்கள், வளைப்பதற்கு ஆள் இல்லை.

1994இல் போஸ்னியப் போரில் சிக்கிய சரயேவோ நகரின் எரிந்துபோன தேசிய நூலகத்தில், இறந்தோருக்கான இசையான மொசார்ட்டின் ரெக்வியத்தை மேத்தா நடத்தியதை விரித்துச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்ததென்று தலைவர் மணி அடித்துவிட்டார். நிரந்தர இசை ஆசிரியர் கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் முதல் கையெழுத்தைப் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.