243-இன் பேரல் தேய்ந்துவிட்டது, அடுத்து எந்தத் தோட்டா?

வணக்கம். முதலில் இதைக் காட்டிவிடுகிறேன். தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டுகிற போல்ட் வெளியே இருக்கிறது, தோட்டா அடுக்குகிற மேகசின் காலி, சுடும்போது தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டும் பார்த்தாயிற்று. சரி, இனிமேல்தான் பேச்சு.

மேசையில் கிடப்பது ரெமிங்டன் 700, ஷார்ட் ஆக்‌ஷன், 243 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கான துப்பாக்கி. ஃபோர்ட் காலின்ஸுக்குக் குடிவந்த மூன்றாம் வருடம் பழையதாக வாங்கினேன். கொலராடோவில் நான் வேட்டைக்குப் போக ஆரம்பித்ததே இதோடுதான். ப்ராங்ஹார்ன் என்கிற மான் மாதிரி விலங்கு, ம்யூல் மான் எல்லாம் இதில்தான் கிடைத்தது. இரண்டு வருடமாகக் குறி கொஞ்சம் கொஞ்சமாகச் சிதற ஆரம்பித்தது. ஸ்கோப்பைக் குறை சொன்னேன், ஸ்க்ரூவைக் குறை சொன்னேன், கடைசியில் என் காபியைக்கூடக் குறை சொன்னேன். அப்புறம் பேரலுக்குள் விடுகிற சின்ன கேமரா ஒன்றை வாங்கிப் பார்த்தேன். திரையில் பாருங்கள். தோட்டா உட்காரும் இடத்தைத் தாண்டி ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளங்கள், தொடங்கும் இடம் இது. சித்திரை வெயிலில் வெடித்த ஏரித் தரை மாதிரி இல்லை? ஒவ்வொரு முறை சுடும்போதும் வருகிற சூடும் வாயுவும் அரித்து வைத்திருப்பது இது. சின்ன குண்டு, அதற்குப் பின்னால் நிறைய வெடிமருந்து என்றால் இந்த இடம் சீக்கிரம் போய்விடும். 243 அந்த ரகம்தான்.

துப்பாக்கியில் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. அதனால் பேரலை மட்டும் மாற்றப் போகிறேன். மாற்றுவதே மாற்றுகிறோம், அதே 243-தான் வேண்டுமா? மூன்று வாரமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசிக்க வைத்தது ஒரு எல்க், பெரிய மான் வகை. போன வருடம் வால்டன் பக்கம் பெண் எல்க் லைசென்ஸ் கிடைத்தது. ஏறக்குறைய 250 கஜத்தில் நின்றாள், பின்பக்கம் என்னைப் பார்த்தபடி கொஞ்சம் சாய்வாக. சட்டப்படி ஒரு தடையும் இல்லை. இங்கே எல்க்குக்கு 24 காலிபரோ (0.24 அங்குலக் குண்டு) அதற்கு மேலோ இருக்க வேண்டும், குண்டு குறைந்தது 85 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு), 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். என்னிடம் இருந்த 100 கிரெய்ன் 243 அதையெல்லாம் தாண்டிவிடும். ஆனால் அந்தச் சாய்வில் குண்டு வயிற்றையும் விலாவையும் கடந்து நெஞ்சுவரை போக வேண்டும். விரல் நகரவில்லை. அவள் மரங்களுக்குள் போய்விட்டாள். நேராகத் திரும்பியிருந்தால் சுட்டிருப்பேன். எல்க்குக்கு 243 ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை, கோணத்தைத் தேர்ந்தெடுக்க அது இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது இந்த போல்ட்டின் முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். தோட்டாவின் அடிப்பாகம் உட்காரும் இந்தக் குழி 0.473 அங்குலத் தோட்டாவுக்கானது, அதாவது 12 மில்லிமீட்டர். புதுத் தோட்டாவின் அடியும் அதே அளவாக இருந்தால் போல்ட்டைத் தொடவே வேண்டாம். அடுத்தது மேகசின். ஷார்ட் ஆக்‌ஷன் என்றால் 308 அளவுத் தோட்டாக்களுக்கு வெட்டியது, முழு நீளம் 2.8 அங்குலம். டம்மி தோட்டா ஒன்றைப் போடுகிறேன், பாருங்கள், முன்னால் எவ்வளவு கொஞ்சம் இடம்தான் மிச்சம்.

நிறையப் பேர் கேட்ட 6.5 பிஆர்சி இங்கேயே அடிபட்டுப் போகிறது. 2018-இல் வந்த அருமையான தோட்டா, மறுக்கவில்லை. ஆனால் அதன் அடி 0.532 அங்குலம், நீளம் 2.955. வேறு போல்ட், வேறு மேகசின் என்று செலவு நீண்டுகொண்டே போகும். அதற்குப் புதுத் துப்பாக்கியே வாங்கிவிடலாம். 300 டபிள்யூஎஸ்எம் நீளத்தில் ஏறக்குறைய சரிப்பட்டு வந்தாலும் அதுவும் தடித்த அடிதான். வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஒரே குடும்பம். 1952-இல் வந்த 308 வின்செஸ்டர்தான் தாய். அதன் பித்தளைக் கூட்டின் கழுத்தை இறுக்கினால் 1955-இல் 243, 1980-இல் 7எம்எம்-08, 1997-இல் 260 ரெமிங்டன். கழுத்தை விரித்தால் 358 வின்செஸ்டர், 338 ஃபெடரல். இந்தக் கடைசி இரண்டும் எல்க்குக்குப் பிரமாதம், ஆனால் எங்கள் ஊர்க் கடையில் நான் கண்ணால் பார்த்ததில்லை. 260 எனக்குப் பிடித்த தோட்டாதான், ஆனால் அதன் கூடு நீளம். நீளமான 6.5 குண்டை வைத்தால், 2.8 அங்குலத்துக்குள் அடக்குவதற்காகக் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாகத் தள்ள வேண்டும், மருந்துக்கான இடம் போகும். 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 க்ரீட்மோர் இந்தச் சிக்கலை நேரடியாகத் தீர்த்தது. கூடு 1.92 அங்குலம்தான், அதனால் குண்டு வெளியே நீண்டு நிற்க இடம் இருக்கிறது. அடி அதே 0.473.

ஆக, என் மேசையில் மூன்று. 308, 6.5 க்ரீட்மோர், 7எம்எம்-08.

308-ஐ எடுத்திருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், பேரலும் ரொம்ப நாள் உழைக்கும். ஆனால் இந்தத் துப்பாக்கி எனக்கு மட்டும் இல்லை. ப்ராங்ஹார்ன் சீசனில் இது என் மனைவியின் தோளில் இருக்கும். அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “இடித்தால் கண்ணை மூடிக்கொள்வேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.” இது லேசான துப்பாக்கி, 308 இதில் கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும்.

க்ரீட்மோர், 7எம்எம்-08 இரண்டுக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 143 கிரெய்ன் க்ரீட்மோர் வினாடிக்கு 2,700 அடியில் கிளம்பினால் சுமார் 2,315 அடி-பவுண்டு. 140 கிரெய்ன் 7எம்எம் 2,800 அடியில் சுமார் 2,440. என் பழைய 243 சுமார் 1,945. முதல் இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் எந்த எல்க்குக்கும் தெரியப் போவதில்லை. க்ரீட்மோர் குண்டு காற்றை இன்னும் நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும், அது 500, 600 கஜத்தில்தான் கணிசமாகத் தெரியும். நான் 300-க்கு மேல் சுடுவதில்லை.

தோட்டாவைக் கடையில் வாங்கியே சுடுகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு க்ரீட்மோர் எடுங்கள், வீடியோவையும் இங்கேயே நிறுத்திவிடலாம். நான் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவன், அதனால் அலமாரியில் எது கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நான் எடுத்தது 7எம்எம்-08. அறுபது சதவீதம் கணக்கு, மீதி ஆசை. கணக்கு என்னவென்றால், வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிற கறி, ஈயத் துணுக்கு வேண்டாம் என்று செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். 7எம்எம்மில் 120 கிரெய்ன் செம்புக் குண்டை மானுக்கு வைத்துக்கொள்ளலாம், இடியும் குறைவு. எல்க்குக்கு 140. நீளமான குண்டு நிலையாகச் சுழல வேண்டும் என்பதற்காக 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று ட்விஸ்ட், 22 அங்குலப் பேரல் என்று சொல்லியிருக்கிறேன். சேம்பர் வெட்டுவது, ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே தோட்டாவுக்கு இருக்கும் இடம், அளப்பது எல்லாம் கன்ஸ்மித் என்கிற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. நான்கு மாதம் வரிசை என்றார். பரவாயில்லை.

ஒரு விஷயம். என்னிடம் 308 காலிக் கூடு இருநூறு இருக்கிறது. கழுத்தை இறுக்கினால் 7எம்எம்-08 ஆகிவிடும், காசு மிச்சம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் கூட்டின் அடியில் 308 என்றே அச்சு இருக்கும். பத்து வருடம் கழித்து யாராவது அந்தப் பெட்டியைத் திறந்தால்? சரியான அச்சோடு நூறு கூடு புதிதாகவே வாங்கிவிட்டேன்.

விசாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இங்கே ஃபெடரல் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அது விதிவிலக்கு. மாநிலச் சட்டம் வேறு தனியாக இருக்கும். என் பேச்சை நம்பி வாங்காதீர்கள், வக்கீலைக் கேளுங்கள்.

கடைசியாக இந்த டப்பா. பழைய 243 தோட்டா, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு. கூட்டின் உடலும், கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையும் ஒரே அளவு என்பதால் 243 தோட்டா 7எம்எம்-08 சேம்பருக்குள் போய் உட்கார்ந்துவிடும், வெடிக்கவும் செய்யும். பேரலைவிடக் குண்டு ஒல்லி, கூட்டின் கழுத்து கிழியலாம், வாயு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. புதுப் பேரலில் பெயர் பொறித்துத்தான் வரும், இருந்தாலும் விடியற்காலை இருட்டில், உறைந்த விரலோடு யார் படிக்கப் போகிறார்கள்? பக்கத்துத் தெரு நண்பரிடம் 243 இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். கோட்டுப் பைகளையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.