கூடாரத்தில் யாருக்கு இடம்?

அனைவருக்கும் வணக்கம்.

குழுவோடு நெருங்கிப் பழகுங்கள் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு வந்து நாம் என்ன செய்கிறோம்? ஏற்கெனவே பிடித்த நாலு பேரோடு இன்னும் கொஞ்சம் நெருங்குகிறோம். மதியச் சாப்பாடு அவர்களோடு, டீ அவர்களோடு. மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்க 1914இல் கிளம்பியவர். அவருடைய ‘எண்டூரன்ஸ்’ கப்பல் 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் பனி நெருக்கி, அக்டோபரில் கப்பலைக் கைவிட வேண்டியதாயிற்று. 28 பேர், மிதக்கும் பனியின்மேல். கண்டத்தைக் கடக்கும் கனவு அதோடு போயிற்று. இனி ஆட்களைக் காப்பாற்றுவதுதான் வேலை.

முதலில் கூடாரங்களுக்கு ஆள் பிரிக்க வேண்டும். ஷாக்கிள்டன் தன் நம்பிக்கைக்குரிய ஃபிராங்க் வைல்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை, வேறு கூடாரத்துக்கு அனுப்பிவிட்டார். தன்னோடு வைத்துக்கொண்டது யாரை? புகைப்படக்காரர் ஹர்லி, மகா கெட்டிக்காரர். ஆனால் தன்னை மதிக்கவில்லை என்று தோன்றினால் தலைவருக்கு எதிராக ஆள் சேர்த்துவிடுவார் என்ற பயம் இருந்தது. இயற்பியலாளர் ஜேம்ஸ், மாலுமிகளின் கேலிக்குச் சுலபமாக ஆளாகிற படிப்பாளி. ஹட்சன், கூட இருப்பவர்களுக்கு எரிச்சலூட்டுபவர் என்று பெயர் வாங்கியவர். மூன்று பேரும் தலைவரின் கண் முன்னால். வெறும் காவலாக இருந்திருந்தால் அவர்களும் புரிந்துகொண்டு முறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஷாக்கிள்டனோ முக்கியமான விஷயங்களில் ஹர்லியைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்.

அப்புறம் தூக்கப் பைகள். கதகதப்பான மான்தோல் பைகள் 18தான் இருந்தன. மற்றவர்களுக்குக் கம்பளிப் பை. சீட்டுக் குலுக்கினார்கள். ஷாக்கிள்டன், வைல்ட், கேப்டன் வொர்ஸ்லி எல்லோருக்கும் கம்பளிப் பையே விழுந்தது! குலுக்கலில் தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று மாலுமி ஒருவர் பிற்பாடு சொன்னார். இப்படி ஒரு தில்லுமுல்லு நம் ஆபீஸ்களில் நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பால் விஷயம். 1916 ஏப்ரலில் காலடியில் பனி உடைய, எல்லோரும் படகுகளில் ஏறி ஆளில்லாத எலிஃபென்ட் தீவில் கரையேறினார்கள். அங்கிருந்து உதவி தேடி, ‘ஜேம்ஸ் கெயர்ட்’ என்ற சின்னப் படகில் ஆறு பேர் கிளம்பினார்கள். தெற்கு ஜார்ஜியா தீவு வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். யாராவது அதிகமாக நடுங்குவதைப் பார்த்தால் ஷாக்கிள்டன் உடனே சூடாகப் பால் போடச் சொல்வார். அவருக்கு மட்டுமல்ல, ஆறு பேருக்கும். தன்னால்தான் என்று தெரிந்தால் அந்த ஆள் கலங்கிப்போவார் அல்லவா? வொர்ஸ்லி எழுதிவைத்ததால்தான் நமக்கே இது தெரியும்.

எலிஃபென்ட் தீவில் விட்டுவந்த 22 பேரும் ஆகஸ்ட் 30இல் மீட்கப்பட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை என்று மேடைகளில் சொல்வதுண்டு. அந்த 28 பேரைப் பொறுத்தவரை அது சரி. இதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபுறம், ராஸ் கடல் பக்கம், உணவுக் கிடங்கு அமைக்கப் போன குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். ஷாக்கிள்டன் உடன் இல்லாத குழு அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தச்சர் மெக்னிஷ் பனிமேல் ஒருநாள் கட்டளைக்கு அடிபணிய மறுத்தார். அவரையும் ஷாக்கிள்டன் படகில் கூட்டிக்கொண்டுதான் போனார்; அந்தப் படகைக் கடலுக்குத் தாங்கும்படி உயர்த்தி, மேல்தளம் அடித்ததும் மெக்னிஷ்தான். ஆனால் ஊர் திரும்பியதும் துருவப் பயணம் போனவர்களுக்கு பிரிட்டன் தரும் துருவப் பதக்கத்துக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்கவில்லை. உயிருக்கு ஆபத்து இருந்தவரை அரவணைத்தவர், ஆபத்து நீங்கியதும் கணக்குத் தீர்த்துவிட்டார். எனக்கு அவர்மேல் இதில் மனத்தாங்கல்தான்.

சரி, நம் ஆபீஸுக்கு வருவோம். நீங்கள் ஒதுக்கிவைத்திருக்கும் ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். எடுத்த எடுப்பில் போய் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்காதீர்கள், சந்தேகம்தான் வரும். அவர் கைதேர்ந்த ஒரு வேலையில் யோசனை கேளுங்கள். அதையும் முடிவெடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். முடிவை எடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்டால், இத்தனை நாள் உங்களையே கவனித்துக்கொண்டிருப்பவர், மோப்பம் பிடித்துவிடுவார்.