7-ஐ கிளிக் செய்தால் 17 வருகிறது: கால்குலேட்டர் பட்டனும் கீபோர்டும்

வணக்கம். நேராகத் திரைக்கே போய்விடலாம். இது பைதான் மொழியில், விண்டோவும் பட்டனும் வரைய உதவும் டிகிண்டர் என்ற கருவியை வைத்து நான் எழுதிய கால்குலேட்டர். 7 பட்டனை மவுஸால் ஒரே ஒரு முறை கிளிக் செய்கிறேன். பாருங்கள், 17 என்று வருகிறது. அழித்துவிட்டு 9. இப்போது 19. முந்தாநாள் ராத்திரி இதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

இதை ஏன் எழுதினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் சித்தி ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். நம்பர் பேடில் கை இருக்கும்போது அவர் கண் கீழே இறங்கவே இறங்காது. 5-இன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கிறதல்லவா, நடுவிரல் அதைத் தடவிப் பார்க்கும், மற்ற விரல்கள் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். கண் முழுக்க விலைச் சீட்டிலேயே இருக்கும். மீட்டர் கணக்குப் போட ஒரு கால்குலேட்டர் செய்து, பட்டன்களை அழகாக அடுக்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். சித்தி வழக்கம்போல நம்பர் பேடில் விலையைத் தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. "மவுஸைப் பிடிச்சு ஒவ்வொண்ணா அமுக்கணுமாப்பா?" என்று கேட்டார். முப்பது வருடம் பழகிய கைக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டேனே என்று எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கீபோர்டை இணைக்க உட்கார்ந்தேன். 0 முதல் 9 வரை ஒரு லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல். ஒவ்வொரு எண்ணையும் கோண அடைப்புக்குள் போட்டு, ரூட் விண்டோவில், அதாவது முதன்மை விண்டோவில், பைண்ட் செய்தேன்: இது நடந்தால் இந்த வேலையைச் செய் என்று இணைப்பதுதான் பைண்ட். ஓட்டிப் பார்த்தால் மேல் வரிசையில் 6, 7, 8, 9, 0 வேலை செய்கின்றன. 1 முதல் 5 வரை அசையவில்லை. இதைக் கவனித்ததும்தான் துப்பு கிடைத்தது.

டிகிண்டருக்கு அடியில் நிஜமாக விண்டோவை வரைவது டிகே என்ற மென்பொருள். ஜான் அவுஸ்டர்ஹவுட் பெர்க்லியில் எழுதி 1991-இல் வெளியிட்டது. அதில் ஒரு சுருக்கெழுத்து உண்டு. கோண அடைப்புக்குள் 1 முதல் 5 வரை ஓர் எண் தனியாக இருந்தால் அது கீபோர்டு எண் அல்ல, மவுஸ் பட்டன். 1 என்றால் இடது கிளிக். ரூட்டில் பைண்ட் செய்தது அந்த விண்டோவுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதனால் 7-இன் மேல் மவுஸை அழுத்தும்போதே 1 விழுகிறது, விரலை எடுக்கும்போது 7 விழுகிறது. 17!

என்னுடையது லினக்ஸ், டிகே 8.6. இங்கே மவுஸ் சக்கரம் 4, 5 என்ற பட்டன்களாக வரும். இதோ சக்கரத்தைக் கீழே உருட்டுகிறேன்... 5555. மேலே உருட்டினால் 4444. இதைச் சரிசெய்வது சுலபம். அடைப்புக்குள் 'கீ' என்ற சொல்லையும் ஒரு சிறுகோட்டையும் எண்ணுக்கு முன்னால் சேர்த்தால் போதும்.

ஆனால் நான் அந்த லூப்பையே தூக்கிவிட்டேன். ஏனென்றால் லினக்ஸில் மேல் வரிசை 5-க்கு ஒரு பெயர், நம்பர் பேட் 5-க்கு 'கேபி' என்று தொடங்கும் வேறு பெயர். சித்திக்கு வேண்டியதே இந்த இரண்டாவதுதான். எல்லாப் பெயரையும் எழுதிக்கொண்டிருப்பதைவிட, எந்தக் கீ அழுத்தினாலும் ஒரே ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரே நிரல் துண்டுக்கு, வரட்டும் என்று வைத்தேன். அதற்கு வரும் ஈவென்ட்டில், அதாவது என்ன அழுத்தினோம் என்ற தகவலில், 'சார்' என்று ஒன்று இருக்கும், அதாவது அந்தக் கீ தரும் எழுத்து. நம்லாக் எரிந்தால் இரண்டு 5-க்கும் அது 5-தான். எழுத்துக்கு எதிரே பட்டன் என்று ஒரு டிக்‌ஷனரி. நட்சத்திரக் குறிக்கு எதிரே பெருக்கல் பட்டன். என்டர், பேக்ஸ்பேஸ் இரண்டையும் மட்டும் பெயர் சொல்லித் தனியாக பைண்ட் செய்தேன். நம்பர் பேட் என்டருக்கும் தனிப் பெயர் என்பதை மறக்காதீர்கள்.

டிக்‌ஷனரியில் கிடைத்த பட்டனை என்ன செய்வது? இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கணக்குப் போடும் ஃபங்ஷனைக் கீபோர்டிலிருந்து நேராகக் கூப்பிடாதீர்கள். அந்தப் பட்டனையே 'இன்வோக்' செய்யுங்கள், அதாவது கிளிக் செய்ததுபோல நிரலிலிருந்தே இயக்குங்கள். எண் எதுவும் இல்லாதபோது சமன் பட்டனை நான் டிசேபிள் செய்து, அதாவது வேலை செய்யாதபடி முடக்கி, வைத்திருக்கிறேன். டிசேபிள் ஆன பட்டனை இன்வோக் செய்தால் ஒன்றும் நடக்காது. மவுஸுக்கு மூடிய கதவு கீபோர்டுக்கும் மூடியே இருக்கும். நேராகக் கூப்பிட்டால் இந்தச் சோதனையை இரண்டு இடத்தில் எழுத வேண்டும், என்றாவது ஒன்றில் விட்டுப்போகும்.

அப்புறம், விடை காட்டும் இடத்தில் 'என்ட்ரி', அதாவது தட்டச்சு செய்யும் பெட்டி, போட்டவர்களுக்கு 5 தட்டினால் 55 வரும். அந்தப் பெட்டியும் 5-ஐ வாங்கிக்கொள்கிறது, பின்னாலேயே ரூட்டும் வாங்குகிறது. வெறுமனே எழுத்தைக் காட்டும் 'லேபிள்' போடுங்கள், தீர்ந்தது.

ஒரு விஷயம் பாக்கி. இன்வோக் செய்தால் வேலை நடக்கும், ஆனால் திரையில் பட்டன் அமுங்காது. அதற்காக பட்டனின் 'ரிலீஃப்'-ஐ, அதாவது விளிம்புத் தோற்றத்தை, உள்ளே அமுங்கியதுபோல மாற்றி, கொஞ்சம் கழித்து வேலையைச் செய்யும் 'ஆஃப்டர்' வைத்து 100 மில்லி விநாடியில் பழையபடி ஆக்குகிறேன். பாருங்கள், 5 தட்டுகிறேன், திரையில் 5 அமுங்கி எழுகிறது. கண் ஓரத்தில் அந்த அசைவு தெரிந்தாலே தட்டியது சேர்ந்துவிட்டது என்று கைக்குத் தெரியும்.

நேற்று சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனேன். சித்தி ஒரு சீட்டைப் பார்த்தபடியே 385, நட்சத்திரம், 2.5, என்டர் என்று தட்டினார். 962.5. கையை எடுக்காமலே அடுத்த சீட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "00 ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்ப்பா" என்றார். வகுத்தல் அவருக்குத் தேவைப்படுவதே இல்லையாம். இதோ, டிக்‌ஷனரியில் சாய்கோட்டுக்கு எதிரே இருந்த வகுத்தல் பட்டனை எடுத்துவிட்டு 00 பட்டனை வைக்கிறேன். ஓட்டிப் பார்ப்போம். 4, சாய்கோடு... 400.