மேட்டூர் எத்தனை அடி?

நடுவர் ஐயாவுக்கும் சிங்கப்பூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். கொடுத்திருப்பதே பத்து நிமிடம். வணக்கத்திலேயே ஐந்தைத் தின்ன நான் என்ன முன்வரிசைப் பிரமுகரா?

அயல்நாட்டில் வாழ்பவரின் மனம் நிற்பது வாழும் மண்ணிலா, பிறந்த மண்ணிலா? பிறந்த மண்ணில்தான். வாதம் முடிந்தது. இனி கதைக்கு வருவோம்.

எங்கள் புளோக்கில் பன்னிரண்டாம் மாடியில் ஓர் அண்ணன். திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடைக் கிராமம். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் கைபேசியில் ஒன்று பார்ப்பார். பங்குச் சந்தையா? இல்லை, மேட்டூர் அணை நீர்மட்டம்! மின்தூக்கியில் குட்மார்னிங் கிடையாது. "தம்பி, தொண்ணூத்தி மூணு. வரத்து குறைஞ்சிடுச்சு." ஏழாம் மாடியில் ஏறிய சீனப் பாட்டி அவர் முகத்தைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அக்கா சமையலறையிலிருந்து கத்துவார்: "மேட்டூரை அப்புறம் பாக்கலாம், இந்தக் குழாய் ஒரு வாரமா சொட்டுது, அதைப் பாருங்க!" அண்ணன் கர்நாடகத்தின் கபினி அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று பார்க்கப் போய்விடுவார். ஜூன் 12, வழக்கமாகப் பாசனத்துக்குத் திறக்கிற நாள். 2024இல் திறக்க அணையில் தண்ணீர் இல்லை. அன்றைக்கு அவர் வீட்டில் டிவி ஓடவில்லை. ஜூலை 30, 120 அடி, நிரம்பிவிட்டது! மனுஷன் லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குப் போய் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கி அலுவலகத்துக்கே கொண்டுபோனார். "பேரப்பிள்ளையா?" என்றார் மலாய் மேலாளர். "நோ சார், டேம் ஃபுல்!" மேலாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாராம்.

இவர் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் விடுகிற லிங்கியு நீர்த்தேக்கத்தின் மட்டம் எவ்வளவு அண்ணே என்று கேட்டேன். "அது எங்கப்பா இருக்கு?" என்கிறார்!

சரி, எதிரணித் தங்கை போகிறபோக்கில் ஒரு குத்து குத்தினார். "2024 மக்களவைத் தேர்தலில் வெளிநாடு வாழ் இந்திய வாக்காளராகப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், வந்து போட்டவர்கள் மூவாயிரம்கூட இல்லை. இதுதானா உங்கள் ஊர்ப்பாசம்?" நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்தேன். தங்கச்சி, கணக்கு சரி. காரணத்தை ஏன் முழுங்கினீர்கள்? 2010இல் சட்டத்தைத் திருத்தி எங்களுக்கு ஓட்டுக் கொடுத்தார்கள். ஆனால் சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். தபால் கிடையாது, தூதரகம் கிடையாது. தமிழ்நாட்டில் தேர்தல் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. உங்கள் முதலாளி லீவு கொடுப்பாரா? கொடுப்பார் என்றால் சொல்லுங்கள், நானும் அங்கேயே வேலைக்குச் சேர்கிறேன். 2025 தேர்தலில் வெளிநாட்டிலிருந்த சிங்கப்பூரர்கள் தபாலில் போட முடிந்ததே! அந்த வசதி எங்களுக்கும் வரட்டும், அப்புறம் தலையை எண்ணுங்கள். சோற்றைப் பூட்டி வைத்துவிட்டு, இவனுக்குப் பசியே இல்லை என்றால் எப்படி?

பணம் அனுப்புகிற கதையை என் அணியினர் சொல்லிவிட்டார்கள், விடுங்கள்.

நம்ம அண்ணனுக்கு அந்த ஓட்டும் இல்லை. மகன் இங்கே தேசிய சேவை முடித்தவன். குடும்பமே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டது. இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஒப்புக்கொள்ளாது, சிங்கப்பூரும் ஒப்புக்கொள்ளாது. கையில் இருப்பது, வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கிற ஓசிஐ அட்டை. தங்கை சிரிக்கிறார், தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்துவிட்டதாம். இருங்கம்மா.

இவரை இங்கே அனுப்ப, ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக அவர் அப்பா ஒண்ணரை ஏக்கர் நஞ்சையை விற்றார். போன வருடம் அதே வயல் விலைக்கு வந்தது. இப்போது பணம் இருக்கிறது. ஓடினார் ஊருக்கு. ஓசிஐ அட்டைக்காரர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வந்திருக்க வேண்டியதைத்தான் இவருக்காக விற்றாகிவிட்டதே ஐயா!

வேறொருவர் வாங்கினார். அண்ணன் அந்த வரப்பில் ஒரு நடை நடந்தார். புதுச் சொந்தக்காரரிடம், "மேக்கால மடை உடையும். ஐப்பசிக்கு முன்னாடி கட்டிடுங்க. எங்கப்பா வருஷா வருஷம் கட்டுவாரு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

வந்த மறுநாளும் மின்தூக்கியில் அணை மட்டம் சொன்னார். யார் வயலுக்கு ஐயா?

மணி அடிக்கிறீர்கள், முடித்துக்கொள்கிறேன். இந்த மனுஷனை எந்தக் கணக்கில் எழுதப் போகிறார்கள் என்று எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். வணக்கம்.