மானியம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?

அவையோருக்கு வணக்கம். அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கம் ஆகியவற்றுக்காக அரசுகள் வகுக்கும் கொள்கைகளை எப்படி மதிப்பிடுவது என்பதே இன்றைய பொருள். இத்தகைய மதிப்பீட்டு அறிக்கை எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஒரு கேள்வியைத்தான்: இந்தப் பணம் கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பல அறிக்கைகளில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எவ்வளவு செலவானது, எத்தனை நிறுவனங்கள் பயன்பெற்றன, எத்தனை காப்புரிமைகள் பதிவாயின என்ற கணக்கோடு அவை முடிந்துவிடுகின்றன.

மானியம் பெற்ற நிறுவனங்கள் பெறாதவற்றைவிட நன்றாக வளர்ந்தன என்று காட்டுவது எளிது. ஆனால் விண்ணப்பங்களில் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்துத்தானே மானியம் வழங்குகிறோம்? ஓடக்கூடிய குதிரையாகப் பார்த்துப் பிடித்துவிட்டு, அது முந்தியதும் தீவனத்தைப் புகழ்வதைப் போன்றது இது.

இந்தச் சிக்கலை நெதர்லாந்து அரசு 2004ஆம் ஆண்டில் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சிறு, நடுத்தர நிறுவனங்கள் தங்கள் தொழிலில் எழும் ஐயத்தை ஓர் ஆராய்ச்சி நிலையத்திடம் கொண்டுசென்று விடை பெறுவதற்காக, 7,500 யூரோ வரை மதிப்புள்ள வவுச்சர்களை அது அறிவித்தது. வவுச்சர்கள் 100தான், விண்ணப்பித்த நிறுவனங்களோ ஆயிரத்துக்கும் மேல். யார் தகுதியானவர் என்று குழு அமர்த்தித் தேடாமல், குலுக்கல் முறையில் வழங்கினார்கள். அதனால், கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லாமற்போனது. இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, பத்து வவுச்சர்களில் எட்டு, இல்லாவிட்டால் நடந்தே இருக்காத ஆய்வுப் பணிகளுக்கு வழிவகுத்தன. ஒன்று எப்படியும் நடந்திருக்கக்கூடிய பணிக்குப் போனது. ஒன்று பயன்படுத்தப்படவே இல்லை. ஆய்வுப் பணி ஒப்படைக்கப்படுவது வேறு, அதிலிருந்து புதிய பொருள் பிறப்பது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாத் திட்டத்திலும் குலுக்க முடியாது. அமெரிக்க எரிசக்தித் துறை, சிறு நிறுவனங்களுக்கான ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தி வந்தது. மானியம் கிடைப்பதற்கான வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களும் சற்றுக் கீழே நின்றவர்களும் தகுதியில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அவர்களை ஒப்பிட்ட ஆய்வில், சுமார் 1,50,000 டாலர் கொண்ட முதற்கட்ட மானியம் துணிகர முதலீடு, அதாவது புதிய நிறுவனங்களில் ஆபத்தை ஏற்றுப் போடப்படும் தனியார் பணம், கிடைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது தெரியவந்தது. அதைவிடப் பன்மடங்கு பெரிதான இரண்டாம் கட்ட மானியத்துக்கு அத்தகைய பலன் இல்லை. மொத்தச் செலவை மட்டும் பார்த்திருந்தால் இது எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

செலவையே இலக்காக வைப்பது இன்னொரு பழக்கம். உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதென ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தீர்மானித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதை எட்டவில்லை. எட்டியிருந்தாலும், அது செலவழித்ததற்குச் சான்றே அன்றி விளைந்ததற்குச் சான்று ஆகாது.

திட்டம் வகுப்பவர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம்தான். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களையும் அவற்றுக்கு அளிக்கப்பட்ட மதிப்பெண்களையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்தி வையுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் மதிப்பீட்டாளர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவருக்கு வேண்டியது அந்தக் கோப்புதான்.