ரோஸ்மேரி தலைக்கா, தட்டுக்கா?

வணக்கம் நேயர்களே. நம்ம சென்னையில் இப்போது பாதிப் பேர் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் ரோஸ்மேரி என்கிற வாசனைச் செடியின் இலையைக் கொதிக்கவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று நிற்கிறது, முடி கொட்டுகிறவர்கள் எல்லாரும் காலையும் மாலையும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அதையே முதலில் பேசிவிடுவோம். 2015-இல் ஈரானில் 100 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ரோஸ்மேரி தைலம், மீதிப் பேருக்கு முடி வளரத் தலையில் தடவுகிற மருந்தான 2 சதவீத மினாக்சிடில். 3 மாதத்தில் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்கிற மாற்றம் இல்லை. 6 மாதத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் முடி கூடியிருந்தது. நல்ல செய்திதான், ஆனால் ஒன்றுமே தடவாத மூன்றாவது குழு அதில் இல்லை. அதோடு, அவர்கள் தடவியது தைலம், அடுப்பில் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீர் இல்லை. அதனால் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்கும்முன் கொஞ்சம் யோசியுங்கள். தைலத்தை அப்படியே தலையில் ஊற்றாமல் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து, முதலில் கையில் தடவிப் பாருங்கள். குடிக்கவே கூடாது. அதில் கற்பூரச் சத்து உண்டு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தைலத்தின் பக்கமே போக வேண்டாம்.

என்னைக் கேட்டால் இது சமையல்கட்டுச் செடி. மத்தியதரைக் கடலோரத்தில் பிறந்தாலும் துளசி, புதினா, கற்பூரவல்லிக்குப் பங்காளி. நம் நீலகிரியிலும் பயிராகிறது. இதன் வாசனை தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், அதனால் சின்ன உருளைக்கிழங்கை வேகவைத்து, எண்ணெயில் பூண்டு, மிளகோடு ஒரு கொத்து ரோஸ்மேரியைப் போட்டு சிறு தீயில் முறுவலாகப் பிரட்டிப் பாருங்கள். மட்டனுக்கும் பிரமாதம். சாம்பாரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், தைலக் குப்பி கவிழ்ந்த மாதிரி ஆகிவிடும்! இலையில் உள்ள கார்னோசிக் அமிலம் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். ஐரோப்பாவில் இதன் சாற்றை இ 392 என்ற எண்ணில் உணவுப் பொருள்களில் சேர்க்கிறார்கள். அதற்காகப் பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு நாள்கணக்கில் வெளியே வைக்காதீர்கள், அதில் நஞ்சாக்கும் கிருமி வளரலாம்.

அப்புறம் மொட்டைமாடியில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. நம் ஊரில் இந்தச் செடி செத்தால் பெரும்பாலும் வெயில் காரணமில்லை, பாசத்தோடு தினமும் ஊற்றுகிற தண்ணீர்தான் காரணம். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி, பாதிக்குப் பாதி மணல், விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஐப்பசி மழை பிடித்ததும் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள்.